வணங்காமுடியும் வட்டுநோயும்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்வாண்டுக் கூட்டத்தில் இலக்கியப் பொருள் ஒன்றனைக் குறித்துப் பேசுமாறு காரியதரிசி அவர்கள் எமக்கு எழுதியிருந்தார்கள். மணிவாசகப் பெருமானைப் பற்றிப் பேசலாமென்று குறிப்புகளும் எடுத்து வைத்திருந்தோம். சென்ற தை மாதத்தில் நிகழ்ந்த ஒரு சிறு செய்தி எம் கருத்தை மாற்றிவிட்டது. நம்மவர் இல்லத் திருமணம் ஒன்றில், மணமகனின் பாட்டனார் திருவடிகளில் உற்றார் யாவரும் விழுந்து வணங்கினர்; யாம் நின்றபடியே கைகுவித்தோம். பந்தியிலும் மற்றவரோடு தரையில் அமராமல், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முக்காலியின்மேல் இலையை வைத்து உண்டோம். கை கழுவுமிடத்தில் பெரியவர் ஒருவர், எம் செவியிற் படும்படியாகவே, "நாலெழுத்துப் படித்துவிட்டால் முதுகு வளையாது போலும், வணங்காமுடி!" என்றார்.

அவர் கூறியதிற் பாதி உண்மை. எம் முதுகு வளையாதுதான். மற்றைப் பாதியை விளக்குதற்கே இன்று இப்பொருளை எடுத்துக்கொண்டோம். அப்பெரியவர் இவ்வவையில் முன்வரிசையில் வீற்றிருக்கிறார். அவர்பால் எமக்குச் சிறிதும் வருத்தமில்லை. அவரிடத்து இசைவு பெற்ற பின்னரே இதனைச் சொல்லத் துணிந்தோம்.

எமக்கு இந்நோய் வந்தது 2018ஆம் ஆண்டு. அரசுத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்தும் முகாமில் நாள்தோறும் காலை முதல் மாலை வரை குனிந்திருந்து, வீட்டிற்கு வந்த பின்னும் வகுப்புத் தேர்வுத் தாள்களைத் தரையிற் பரப்பிக் குனிந்திருந்த காலம் அது. பிடரியில் ஒரு பிடிப்பாகத் தொடங்கி, வலத்தோள் வழியாக இறங்கி, பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் எறும்பு ஊர்வது போன்ற மதமதப்பாக அது நின்றது. ஒருநாள் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கையில் சுண்ணக்கட்டி தானே கைநழுவி வீழ்ந்தது. மாணாக்கர் சிரித்தனர், யாமும் சிரித்தோம். மறுநாளும் வீழ்ந்தபோது யாம் சிரிக்கவில்லை. ஓராண்டு சென்ற பின் நிலைப்பேழையிலிருந்து ஒரு நூற்கட்டைத் தூக்கித் திரும்புகையில் இடுப்பில் மின்வெட்டியது போன்றதொரு வலி தோன்றி, இடத்தொடையின் பின்புறமாக ஓடி, காற்பெருவிரல் வரை எட்டிற்று. படம் எடுத்துப் பார்த்த மருத்துவர், கழுத்தில் ஐந்தாம் ஆறாம் முள்ளெலும்புகட்கு இடையிலும், இடுப்பில் நான்காம் ஐந்தாம் முள்ளெலும்புகட்கு இடையிலும் வட்டு பிதுங்கி நரம்பின் வேரை அழுத்துகின்றது என்றார். இதனையே நம் ஊர்களில் 'டிஸ்க் விலகல்' என்றும் 'ஜவ்வு பிதுங்கல்' என்றும் வழங்குகின்றனர்.

இவ்வட்டு என்பது யாதென்பதை முதலிற் சொல்லிவிடுதல் நன்று. முதுகெலும்பை வீணாதண்டம் என்று நம் வைத்திய நூலார் அழகாகப் பெயரிட்டனர். பிறப்பில் அதன்கண் 33 எலும்புகள். வளர வளரக் கீழுள்ளவை ஒன்றோடொன்று இணைந்து விடுகின்றன. கழுத்தில் 7, நெஞ்சின் புறத்தே 12, இடுப்பில் 5 என நிற்பவை தனித்தனியே அசைவன. அவற்றின் இடையிடையே மெத்தை போல அமைந்தவையே வட்டுகள். அவை மொத்தம் 23. ஒவ்வொரு வட்டும் வெளியே பல சுற்றாகப் பின்னிய வலிய நார்வளையமும், உள்ளே நீர் நிறைந்த கூழ் போன்ற உட்கருவும் உடையது. வளையத்தில் வெடிப்புண்டாகி உட்கரு பிதுங்குமாயின், அருகிற் செல்லும் நரம்பு அழுந்தியும் அழன்றும் துன்புறுத்துகின்றது. கழுத்தில் அழுந்திய நரம்பின் வலியைக் கை சொல்லும். இடுப்பில் அழுந்தியதன் வலியைக் கால் சொல்லும். நோய் ஓரிடம், கூக்குரல் வேறோரிடம். இதனாலேயே எம் கைவிரலுக்கு ஆறு மாதம் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தோம்.

வளர்ந்தோரின் வட்டுக்குள் இரத்தக் குழாய் செல்வதில்லை. அழுத்தும்போது நீர் வெளியேறியும், அழுத்தம் நீங்கும்போது நீர் உட்புகுந்துமே அது தன் உணவைப் பெறுகின்றது. இரவு படுத்து எழுந்தவன் மாலையிற் காட்டிலும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாய் இருப்பதும் இந்நீர் ஏறி இறங்குவதனாலேயே. எனவே ஒரே நிலையில் நெடுநேரம் இருத்தல் அதற்குப் பகை. அசைவே அதற்கு உணவு. இதனை நினைவிற் கொள்ளுங்கள். பின்னர் இதற்கு மீண்டும் வருவோம்.

இடுப்பிலிருந்து காலுக்கு ஓடும் இவ்வலி பழமையானது. வடமொழி ஆயுர்வேத நூலார் இதனைக் கிருத்திரசி என்றனர். கிருத்திரம் என்பது கழுகு. வலியுற்றவன் கழுகு நடப்பது போலச் சாய்ந்து நடப்பதனால் இப்பெயர் வந்ததென்பர். எம் வீட்டு முற்றத்தில் யாம் நடந்ததைப் பார்த்திருந்தால் இப்பெயரின் பொருத்தம் யாவர்க்கும் விளங்கியிருக்கும். ஆயினும் வட்டு பிதுங்குவதே இவ்வலிக்குப் பெருங்காரணம் என்பது 1934ஆம் ஆண்டில்தான் நன்கு நிறுவப்பட்டது. அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரத்து மருத்துவர்களாகிய வில்லியம் மிக்ஸ்டர், ஜோசப் பார் என்னும் இருவர், அதுகாறும் கட்டியென்று கருதி அறுத்தெடுத்தவற்றுட் பல கட்டியல்ல, பிதுங்கிய வட்டின் பகுதியே என்று காட்டினர். அறிவு வந்து நூறாண்டு இன்னும் நிறையவில்லை. நம் பாட்டன்மார் இதனை வாயு என்றும், குளிர் என்றும், செய்வினை என்றும் கருதியதில் வியப்பில்லை.

இனி நம் குலத்தார்க்கு இந்நோயோடுள்ள தொடர்பைச் சொல்லவேண்டும். பொன், கல், மரம், இரும்பு, செம்பு என்னும் ஐந்தொழிலும் குனிந்து செய்யும் தொழில்களே. பெண் கேட்டுச் செல்லும்போது மாப்பிள்ளைக்கு நம்மவர் கூறும் முதற் புகழ் யாது? "பையன் தலை நிமிராமல் வேலை பார்ப்பான்" என்பதன்றோ? எம் தந்தையார் அவ்வாறே தலை நிமிராமல் நாற்பதாண்டு பட்டறையில் இருந்தவர். சம்மணமிட்டு, முன்னே குமுட்டி அடுப்பு, வாயில் ஊதுகுழல், கையிற் குறடு, கண்ணுக்குக் கீழே கடுகளவு பற்றவைப்பு. இரவில் அம்மை அவர் பிடரிக்கு ஒத்தடம் கொடுப்பார்கள். அஃது ஒரு நோயென்று அவ்வில்லத்தில் எவரும் எண்ணியதில்லை. உப்பும் புளியும் போல அன்றாடம் உள்ள ஒன்று என்றே எண்ணியிருந்தோம்.

மனிதன் தலை ஏறக்குறைய 5 கிலோகிராம் எடை உடையது. அது நேரே நிற்கும்போது கழுத்து அவ்வெடையையே தாங்குகின்றது. 60 பாகை முன் குனிந்தால் கழுத்து தாங்குவது 27 கிலோகிராம் அளவிற்கு உயரும் என்று, கென்னத் ஹான்ஸ்ராஜ் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர் 2014ஆம் ஆண்டில் கணக்கிட்டு வெளியிட்டார். இது கணக்காற் பெற்றதேயன்றி ஆள்மேல் அளந்து கண்டதன்று. எனினும் நிறுவை அறிந்த நம்மவர்க்கு நெம்புகோலின் வழி எடை பெருகுதல் புதிதன்று. இன்று பட்டறையிற் குனியாத பிள்ளைகளும் கைப்பேசியிற் குனிகின்றனர். தொழில் மாறிற்று, குனிவு மாறவில்லை.

குனிதல் மட்டுமே துன்பமென்று கருதற்க. அண்ணாந்து நோக்குதலும் எம்மனோர்க்கு இடர். நம் மாவட்டத்து ஆவுடையார்கோயிற் கொடுங்கைகளை அறியாதார் யார்? கல்லை மரச்சட்டமும் கம்பியும் ஆணியும் போலத் தோன்றுமாறு செதுக்கிய அக்கொடுங்கையின் அருமை நோக்கி, பிற்காலத்துச் சிற்பியர் திருப்பணிக்கு ஒப்பந்தம் எழுதுங்கால் ஆவுடையார்கோயிற் கொடுங்கை நீங்கலாக என்று எழுதிக் கொள்வர் எனப் பெரியோர் சொல்வர். ஆண்டுதோறும் மாணாக்கரை அங்கு அழைத்துச் சென்று, "இது நம் முன்னோர் கைவண்ணம்" என்று மேலே சுட்டிக் காட்டுவது எம் வழக்கம். நோய் வந்த பின்னர் ஒருமுறை அவ்வாறு அண்ணாந்தபோது கையில் மின்சாரம் பாய்ந்தது போலாகித் தூணைப் பற்றிக்கொண்டோம். மாணவி ஒருத்தி தன் பையிலிருந்து சிறு கைக்கண்ணாடியை எடுத்து எம் கையிற் கொடுத்தாள். அதனை மார்பளவில் ஏந்திக் கண்ணாடிக்குள் கொடுங்கையைப் பார்த்தோம். மாணாக்கர் சுற்றி நின்று அக்கண்ணாடிக்குள்ளேயே எட்டிப் பார்த்தனர். அன்று போல அக்கொடுங்கையை அவர்கள் உற்று நோக்கியது என்றும் இல்லை. சித்தன்னவாசல் அறிவர் கோயிலின் விதானத்தில் தாமரைக் குளத்தைத் தீட்டியவர்களின் பிடரி என்ன பாடுபட்டிருக்கும் என்பதும் அன்றுதான் எம் நினைவிற்கு வந்தது.

நிற்க. வலியைத் தாங்குதல் ஒருவாறு கைவந்துவிடும். பிறர் அதனை நம்பாமையே பெரிதும் வருத்துவது. கால் முறிந்தவனுக்குக் கட்டு இருக்கிறது. காய்ச்சற்காரனுக்குச் சூடு இருக்கிறது. எமக்கு முகம் தெளிவாயிருக்கிறது, உண்கிறோம், பேசுகிறோம். நேற்று ஒரு காத தூரம் நடந்தவர் இன்று ஒரு குடம் தூக்க மறுத்தால் சோம்பரென்பர். பேருந்தின் கடைசி இருக்கையில் அமர மறுத்து நின்றுகொண்டே வந்தால் பித்தரென்பர். ஒரு பள்ளியில் யாம் நாற்காலி கேட்டபோது, அங்கிருந்த மேலோர் ஒருவர், "உமக்கு மட்டும் முதுகு இருக்கிறதோ?" என்றார். உலகில் 2020ஆம் ஆண்டில் இடுப்புவலியோடு இருந்தோர் தொகை 61 கோடியே 90 இலட்சம் என மதிப்பிட்டுள்ளனர். எமக்கு மட்டும் இல்லைதான்!

பிறர் நம்பாமை ஒருபுறமிருக்க, நாமே தவறாக நம்புவதும் உண்டு. படத்தைப் பார்த்தவுடன் "தேய்மானம்" என்று சொல்லிவிடுகின்றனர். இச்சொல் பிறர் செவியில் எவ்வாறு ஒலிக்குமோ, அறியோம். பொன்னோடு பழகிய நம்மவர் செவியில் இடி போல ஒலிக்கும். தேய்ந்த பொன் தேய்ந்ததே; அது மீளாது. ஆதலின் தேய்மானம் என்று கேட்டவன், இனி அசைந்தால் மேலும் தேயுமென்று அஞ்சிக் கட்டிலே கதியாகிறான். எம் நிலையும் முதலில் அதுவே. எழுத்தறிவிப்பவர் என்னும் உரிமையால் ஒன்று சொல்லுகிறோம்: இச்சொல்லை இந்நோய்க்கு வழங்குதலை நம் இல்லங்களில் விட்டுவிடுவோம். யாதொரு வலியும் இல்லாத 3,110 பேருடைய முதுகெலும்புப் படங்களை ஆராய்ந்த 33 ஆய்வுகளைத் தொகுத்து 2015ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளிவந்தது. அதன்படி, வலியற்ற இருபது வயதினரிலேயே நூற்றுக்கு 37 பேருக்கு வட்டு நலிந்திருந்தது. நாற்பது வயதினரில் 68 பேருக்கு நலிவும், 50 பேருக்குப் புடைப்பும் இருந்தன. எண்பது வயதினரில் 96 பேருக்கு நலிவு. மயிர் நரைப்பது போல இதுவும் காலத்தால் வருவது. படம் முற்றிலும் பயனற்றது என்று யாம் சொல்லவில்லை. நோயாளியின் கையையும் காலையும் பார்த்தறிந்த மருத்துவரிடத்தில் அது சான்றாகும். படத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் காட்டித் திரிபவனுக்கு அஃது அச்சத்தையன்றி வேறொன்றையும் தராது. பிதுங்கிய வட்டுகளுட் பல சில மாதங்களில் தாமே சுருங்கிவிடுகின்றன என்பதையும் படம் எடுத்தே கண்டிருக்கின்றனர். தேய்ந்த பொன் அவ்வாறு மீளுமோ?

யாம் செய்த பிழைகளையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். முதற்கண் மூன்று வாரம் படுக்கையை விட்டு எழவில்லை. எழுந்தபோது கால்கள் எம்முடையன போல இல்லை. பின்லாந்து நாட்டு எல்சிங்கி நகரில் ஆராய்ந்து 1995ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவின்படி, புதிதாய் இடுப்புவலி வந்தோருள் படுத்திருந்தோரினும், இயன்றவரை அன்றாட வேலையைச் செய்துவந்தோரே விரைவில் தேறினர். இதனை யாம் அறிந்தது பின்னர்.

அடுத்து இடுப்புக் கச்சு. அதனை அணிந்தால் ஓர் இரும்புத்தூண் துணை நிற்பது போலத் தோன்றும்; எட்டு மாதம் கழற்றவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியில், நாட்பட்ட இடுப்புவலிக்கு வழக்கமாக வழங்கத் தகாதன என்று சொல்லப்பட்டவற்றுள் இக்கச்சும், எடை கட்டி இழுக்கும் முறையும் உள்ளன. உடற்பயிற்சியும், நோயைப் பற்றிய கல்வியும் அந்நூலில் ஏற்கப்பட்டன. கச்சு விற்பவர்கள் எம்மேற் சினவற்க.

மூன்றாவது, முடிதிருத்தும் நிலையத்திற் கழுத்தை இருபுறமும் திருகி நெட்டி முறிப்பித்தது. இதனை நினைக்குந்தோறும் எமக்கு உடல் நடுங்குகின்றது. திடீரென்று திருகுவதனால் கழுத்தெலும்பின் வழி மூளைக்கு ஏறும் தமனி கிழிந்து பக்கவாதம் வந்தவர் உளர். அரிதெனினும் நேர்வது அது. அதன் பின் வேறோர் ஊரில் ஒருவர் முதுகின்மேல் ஏறி மிதித்து 'ஜவ்வை உள்ளே தள்ளுவதாக'ச் சொன்னார். யாமும் பணம் கொடுத்து மிதிபட்டோம். இலக்கணம் கற்றவன் என்னும் செருக்கு அன்றோடு போயிற்று. மூன்று நாளில் வலியைப் போக்கும் பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். சித்த மருத்துவத்தை யாம் இகழவில்லை. கழுத்துநோயைச் சகனவாதம் எனப் பிரித்தறிந்த மரபு அது. முறையாகக் கற்ற சித்த மருத்துவரிடம் செல்லுதல் வேறு. சாலையோரத்துப் பொட்டலம் வேறு.

கட்டாந்தரையிற் படுத்தால் முதுகு நேராகும் என்று ஒரு நண்பர் கூறினார். சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்துக் கற்படுக்கைகளை எடுத்துக்காட்டி, "சமண முனிவர் கல்லிற் படுத்தனர், அவர்கட்கு முதுகுவலி வந்ததாகக் கல்வெட்டு உண்டா?" என்றும் வினவினார். அங்குள்ள படுக்கைகள் 17. தலைமாட்டில் அணை போல உயர்த்திய கல்லும் அவற்றில் உண்டு. பழந்தமிழ்க் கல்வெட்டும் ஒரு படுக்கையில் உண்டு. ஆனால் அது முதுகைப் பற்றியதன்று. உடலை ஒறுத்தற்கு அமைந்த படுக்கையை உடலை ஓம்புதற்குக் கொள்ளுதல் எவ்வாறு பொருந்தும்? ஸ்பெயின் நாட்டில் நாட்பட்ட இடுப்புவலியுடைய 313 பேரை வைத்து ஆராய்ந்து 2003ஆம் ஆண்டில் வெளியிட்டதன்படி, மிகக் கடினமான மெத்தையினும் நடுத்தர உறுதியுள்ள மெத்தையே நலம் தந்தது. ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கிடையே ஒரு தலையணை வைத்துக் கொள்வதே எமக்கு இசைந்தது. இது எம் அனுபவம் மட்டுமே.

அறுவை செய்துகொள்ளலாமா என்று எம்மைக் கேட்போர் பலர். எம் இடுப்புக்கு அறுவை வேண்டுமா என்ற வினா ஒரு காலத்தில் எழுந்தது. கடன் வாங்கவும் ஏற்பாடு செய்தோம். மருத்துவர் ஒருவர், காலில் வலுக் குறையாதவரை சில மாதம் பொறுத்துப் பார்க்கலாம் என்றார். நெதர்லாந்து நாட்டில் 283 பேரை வைத்து நடத்தி 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வும் அதற்கு ஒத்தது: கடுமையான கால்வலிக்கு விரைவில் அறுவை செய்துகொண்டோர் முன்னதாக வலி நீங்கினர், பொறுத்திருந்தோருட் சிலர் பின்னர் அறுவை செய்துகொண்டனர், ஓராண்டின் முடிவில் இருசாராரும் ஏறக்குறைய ஒரே நிலையை எய்தினர். யாம் பொறுத்தோம்; எமக்கு அது போதியதாயிற்று. பிறர்க்கும் அவ்வாறே ஆகும் என்று சொல்ல எமக்கு உரிமையில்லை.

பொறுத்தலாகாத இடம் ஒன்று உண்டு. இதனைச் சொல்லுதற்கே யாம் முதன்மையாக வந்தோம்; தாய்மார்கள் முன்னிலையில் சொல்லுவதற்குப் பொறுத்தருள்க. எமக்குச் சிறிய தந்தையார் முறையாகும் ஒருவர் பட்டறைத் தொழிலாளர். நெடுநாள் இடுப்புவலியோடிருந்தவர்க்கு ஒருநாள் இரு கால்களும் தளர்ந்தன, அமரும் இடம் மரத்துப் போயிற்று, சிறுநீர் இறங்கவில்லை. மருமகளிடம் இதனைச் சொல்ல நாணினார். மகன் வெளியூரிலிருந்து வரட்டும் என்று இரண்டு இரவு பொறுத்தார். மருத்துவமனையை அடைந்தபோது உடனே அறுவை செய்தனர், உயிருக்கு இடரில்லை. ஆனால் இன்றும் கோலூன்றியே நடக்கிறார். சிறுநீர் அவர் வசத்தில் இல்லை. முன்னதாக வந்திருந்தால் நரம்பு தேறியிருக்க வாய்ப்புண்டு என்றனர். தம் நிலையை இங்கே சொல்லுமாறு எம்மைப் பணித்தவரும் அவரே. ஆதலின் கேளுங்கள்: இடுப்புவலியோடு சிறுநீர் அடைத்தல், மலம் தன்வசம் இன்மை, அமரும் இடத்தில் உணர்ச்சி இன்மை, கால்கள் தளர்தல் இவற்றுள் ஒன்று தோன்றினும் விடியட்டும் என்று காத்திராதீர்கள். கழுத்துநோயில் பொத்தான் மாட்ட இயலாமை, கையெழுத்துக் கோணுதல், நடை தள்ளாடுதல் என்பனவும் தண்டுவடம் அழுந்துவதன் அறிகுறிகளாகலாம். அவற்றையும் தாழ்க்காமற் காட்டவேண்டும். காய்ச்சலும் உடல் மெலிதலும் சேர்ந்த முதுகுவலி முதுகெலும்பிற் காசநோயாயும் இருக்கக்கூடும். நம் நாட்டில் அஃது அரிதன்று.

நாணமே அவர் காலைக் கொண்டது. நம் பெண்மக்கள் இந்நாணத்தை இன்னும் மிகுதியாகச் சுமக்கின்றனர். குட்டை வாருகோலால் முற்றம் பெருக்குதல், இடுப்பிற் குடம், குனிந்து பாத்திரம் துலக்குதல் இவையெல்லாம் அவர்கள் முதுகின்மேலேயே நடக்கின்றன. வலி என்றால், "பிள்ளைப்பேற்றில் முதுகில் ஊசி போட்டார்கள், அதனால்தான்" என்று சொல்லி முடித்து விடுகிறோம். அவ்வூசியால் நெடுநாள் முதுகுவலி வருகின்றது என்பதை ஆராய்ச்சிகள் நிறுவவில்லை. ஊசியின்மேற் பழியைப் போட்டால் வாருகோலின் காம்பை நீட்டவேண்டிய கடமை நமக்கு இல்லாது போகின்றதன்றோ? எம் இல்லத்தில் காம்பு நீண்ட வாருகோல் வந்தது எம் முதுகுக்கு நோய் வந்த பின்னரே. அதனை நினைக்க எமக்கு வெட்கமாயிருக்கிறது. மணம் பேசும் காலத்தில் பெண்ணுக்கு முதுகுவலி உண்டு என்பதை ஒரு குற்றம் போல மறைப்பதும் நம்மிடையே உள்ளது. மறைத்த பெண் புகுந்த வீட்டில் மறுநாளே குடம் தூக்குகிறாள்.

இப்போது எம் நாள் எவ்வாறு கழிகின்றது? விடியலில் குளக்கரையில் அரைமணி நேரம் நடை. இயன்முறை மருத்துவர் கற்பித்த பயிற்சிகள் கால்மணி நேரம். ஒருநாள் விட்டால் மூன்றாம் நாள் பிடரி வந்து கணக்குக் கேட்கும். வகுப்பில் ஒரு பாடவேளை நிற்றல், ஒரு பாடவேளை அமர்தல். தாள் திருத்தும்போது இருபத்தைந்து தாளுக்கு ஒருமுறை எழுந்து உலாவுதல்; வட்டுக்கு அசைவே உணவு என்று முன்னர்ச் சொன்னோமன்றோ? எடையை உடம்போடு ஒட்டி, முழங்காலை மடக்கித் தூக்குதல். வலி முற்றும் நீங்கிற்றா எனின், இல்லை. மழைக்காலத்தில் சில நாள் வரும், விருந்தினர் போல. முன்போல அதனைக் கண்டு அஞ்சுவதில்லை.

செலவுக்கு அஞ்சுவோர் அறியவேண்டியது: நம் மாவட்டத் தலைநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2017ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது, 2021ஆம் ஆண்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தில் வீட்டிற்கே வந்து இயன்முறை மருத்துவம் செய்தலும் சேர்க்கப்பட்டது. நடமாட இயலாதவர் உள்ள இல்லத்தார் தம் ஊர்ச் சுகாதார நிலையத்திற் கேட்டறிக.

சங்கத்தாரிடம் யாம் வேண்டுவன பெரியன அல்ல. நம் விழாக்களின் பந்தியில் இரு வரிசை மேசை நாற்காலி இடுக, அதில் அமர்வோரை, "அதற்குள் கிழமாகிவிட்டீரோ?" என்று கேளாதிருக்க. கைகுவித்து வணங்குபவரை வணங்கியவராகவே கொள்க. பட்டறை வைத்திருப்போர் பணிமேடையை மார்பளவிற்கு உயர்த்தி, முதுகுசாய்ந்த நாற்காலி இட்டுப் பாருங்கள். கூலிக்கு வேலை செய்யும் பிள்ளைகள் இடையிடையே எழுந்து சோம்பல் முறித்தால் அந்நேரத்தைக் கூலியிற் பிடிக்காதீர்கள். "தலை நிமிராமல் வேலை பார்ப்பான்" என்று மாப்பிள்ளைக்குக் கூறும் புகழையும் மாற்றிக்கொள்ள இயலுமா என்று எண்ணிப் பாருங்கள். தமிழில் வேறு சொற்களுக்குக் குறைவில்லை.

கடைசியாக ஒன்று. ஏடும் புராணமும் படிப்போர் முன்னாளில் நூலை வைத்துக்கொண்ட வியாசபீடத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதனை நினைவிற் கொண்டு, தச்சுத் தொழில் செய்யும் எம் மைத்துனர், மேசைமேல் வைத்துத் தாள் திருத்துதற்கேற்ற சாய்பலகை ஒன்றைச் செய்து தந்தார். குனியாமலே எழுதலாம், படிக்கலாம். படிக்கும் பிள்ளைகளுக்கும் உதவும். வேப்பமரத்திற் செய்தது; சாய்வைக் கூட்டவும் குறைக்கவும் பின்புறம் மூன்று பள்ளம் வெட்டியிருக்கிறார். அதனை இம்மண்டபத்தின் வாயிலருகே வைத்திருக்கிறோம். அளவு குறித்துக் கொள்ள விரும்புவோர்க்காக மைத்துனரும் அங்கேயே நிற்கிறார். யாம் நாற்பது நிமிடம் நின்றாயிற்று. இனிச் சற்று உலாவவேண்டும்.